இரண்டு வருஷம், ஒரு குட்டி அலமாரி: வெளிநாட்டுத் தெருக்களில் அலையும் மார்மன் இளைஞர்கள் எதை வாசிக்கிறார்கள்?

சியோல், சாவோ பாலோ, மணிலா, அக்ரா. எந்த ஊராக இருந்தாலும் அந்த ஜோடியை அடையாளம் கண்டுபிடிப்பது ஈஸி. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, டை, மார்பில் கறுப்பு நேம் பேட்ஜ். பேட்ஜில் முதல் பெயர் இருக்காது, 'எல்டர்' என்று போட்டு குடும்பப் பெயர் மட்டும் இருக்கும். எல்டர் என்றால் மூத்தவர். அந்த 'மூத்தவருக்கு' வயது பத்தொன்பது இருந்தால் அதிகம். பெண்கள் என்றால் 'சிஸ்டர்'. எப்போதும் இரண்டு இரண்டு பேராகத்தான் வருவார்கள். பையில் நீல அட்டை போட்ட ஒரு புத்தகம் இருக்கும்.

இவர்களைப் பார்த்ததும் ஏதோ அவசர வேலை ஞாபகம் வந்ததுபோல நடையைக் கூட்டுகிறவர்கள்தான் அதிகம். அதுவும் நியாயம்தான், ரோட்டில் நிறுத்தி மதம் பேசினால் யாருக்குத்தான் பிடிக்கும்? ஆனால் வாசிப்புப் பழக்கம் உள்ளவர்களுக்கு இவர்களிடம் வேறொரு விஷயம் சுவாரஸ்யமாகப் படலாம். பதினெட்டு, இருபது என்பது கையில் கிடைத்ததையெல்லாம் படித்துத் தள்ளும் வயது. சரியாக அந்த வயதில், சபை அனுமதித்த ஒரு சின்னப் பட்டியலைத் தாண்டி எதையும் படிக்க மாட்டோம் என்று ஒப்புக்கொண்டு இவர்கள் வீட்டை விட்டுக் கிளம்புகிறார்கள். நாவல் கிடையாது. சினிமா கிடையாது. நெட்ஃப்ளிக்ஸ் பேச்சுக்கே இடமில்லை.

அப்படி இருந்துவிட்டுத் திரும்பியவர்களில் சிலர்தான் இன்று உலகம் முழுக்க விற்கும் நாவல்களை எழுதியிருக்கிறார்கள். அது எப்படி?

முதலில், யார் இவர்கள்?

பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை என்பது இவர்களுடைய சபையின் முழுப்பெயர். 1830-ல் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் தொடங்கியது. தலைமையகம் யூட்டா மாநிலத்தின் சால்ட் லேக் சிட்டி. உலகம் முழுக்க 1.7 கோடிக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் இருப்பதாகச் சபை கணக்குச் சொல்கிறது. 'மார்மன்' என்பது வெளியாட்கள் வைத்த பட்டப்பெயர். 2018-ல் அப்போதைய தலைவர் ரஸ்ஸல் நெல்சன், தயவுசெய்து முழுப்பெயரைச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டார். ஆனாலும் பழைய பெயர்தான் வெளியே இன்னும் ஓடுகிறது.

இந்தச் சபைக் குடும்பங்களில் ஒரு பையன் பள்ளிப்படிப்பை முடித்ததும் வரும் முதல் கேள்வி, 'எந்த காலேஜ்?' என்பதாக இருக்காது. 'மிஷன் எப்போ?' என்பதுதான். ஆண்களுக்கு 24 மாதம், பெண்களுக்கு 18 மாதம். ஊரை அவர்கள் தேர்ந்தெடுக்க முடியாது. விண்ணப்பம் போட்டால் தலைமையகம்தான் முடிவு பண்ணும். ஃபிஜி தீவும் வரலாம், பக்கத்து மாநிலமும் வரலாம். முன்பெல்லாம் ஒரு பெரிய வெள்ளைக் கவர் தபாலில் வரும், சொந்தபந்தம் எல்லாரும் கூடி உட்கார்ந்து பிரிப்பார்கள். 2018-லிருந்து அது ஆன்லைனுக்கு மாறிவிட்டது.

சம்பளம் கிடையாது. நேர்மாறாக, இவர்கள்தான் பணம் கட்ட வேண்டும். அமெரிக்காவிலிருந்து போகிறவர் 2020 ஜூலையிலிருந்து மாதம் 500 டாலர் கட்ட வேண்டும் என்று நிர்ணயித்தார்கள். இரண்டு வருஷத்துக்கு 12,000 டாலர். சின்ன வயதிலிருந்தே இதற்காக உண்டியலில் சேர்க்கும் பிள்ளைகள் உண்டு.

2012 அக்டோபரில் ஆண்களுக்கான குறைந்தபட்ச வயதை 19-லிருந்து 18 ஆகவும், பெண்களுக்கு 21-லிருந்து 19 ஆகவும் குறைத்தார்கள். அதற்கு முன் 58 ஆயிரம் பேர் அளவில் இருந்த மிஷனரிகள், இரண்டே வருஷத்தில் 80 ஆயிரத்தைத் தாண்டினார்கள். காலேஜுக்கு நடுவில் கிளம்ப முடியாமல் தயங்கிய பெண்கள் கூட்டமாகக் கிளம்பியது இதில் பெரிய பங்கு.

பூட்டிய அலமாரி

வழக்கமான அட்டவணை இப்படி இருக்கும்: காலை ஆறரைக்கு எழ வேண்டும், இரவு பத்தரைக்கு விளக்கை அணைக்க வேண்டும். காலையில் தனியாக ஒரு மணி நேரம் வாசிப்பு, பிறகு கூட்டாளியோடு சேர்ந்து வாசிப்பு. புது மொழி என்றால் அதற்குத் தனி நேரம். மீதி நாள் முழுக்கத் தெரு. கூட்டாளியை விட்டுத் தனியாக எங்கேயும் போகக் கூடாது. அந்தக் கூட்டாளியையும் நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது. பிடிக்காத ரூம்மேட்டோடு ஒரு செமஸ்டர் தள்ளியவர்களுக்கு இதன் கஷ்டம் புரியும்.

பைபிள், மார்மன் புத்தகம், சபையின் மற்ற வேதங்கள், 2004-ல் வந்த 'ப்ரீச் மை காஸ்பல்' என்ற வழிகாட்டி, கூடவே ஒரு சிறிய பட்டியல். அதில் மிகப் பிரபலமானது ஜேம்ஸ் டால்மேஜ் எழுதிய 'ஜீசஸ் தி கிரைஸ்ட்'. 1915-ல் வெளியானது. டால்மேஜ் தொழிலால் புவியியல் விஞ்ஞானி. சால்ட் லேக் சிட்டி ஆலயத்துக்குள் அவருக்கென்று ஓர் அறை ஒதுக்கிக் கொடுத்து எழுத வைத்தார்கள். தடித்த புத்தகம், பழைய பாணி ஆங்கிலம். சாதாரணமாக ஒரு பத்தொன்பது வயதுப் பையன் எடுத்துப் பார்த்தால் முன்னுரையிலேயே மூடிவிடுவான். வேறு எதுவும் இல்லாத இடத்தில் அதுவே நாவல்போல ஆகிவிடுகிறது. பசிக்கு முன்னால் ருசி எடுபடாது என்பது வாசிப்புக்கும் பொருந்தும்.

இப்போது கையில் ஸ்மார்ட்ஃபோன் வந்துவிட்டதே, அப்புறம் என்ன பூட்டு என்று கேட்கலாம். ஃபோன் இருக்கிறது, ஃபில்டரும் இருக்கிறது. கூட்டாளிக்கு எப்போதும் ஸ்கிரீன் தெரியும்படி பயன்படுத்த வேண்டும் என்பது நடைமுறை. ஃபேஸ்புக்கில் ஆட்களைத் தேடலாம், மெசேஜ் அனுப்பலாம், அதெல்லாம் வேலைக்குள் வரும். சபையின் ஆப்பில் வேதங்களும் பத்திரிகைகளும், 2018-லிருந்து கதைபோலச் சொல்லப்பட்ட 'செயின்ட்ஸ்' என்ற வரலாற்றுத் தொடரும் கிடைக்கின்றன. அலமாரி கொஞ்சம் பெரிதாகியிருக்கிறது, சாவி இன்னும் அதே கையில்தான்.

டிஜிட்டல் டிடாக்ஸ் என்று காசு கொடுத்து மலைமேல் போய் உட்காரும் காலத்தில், இது ஒருவகையில் கவர்ச்சியாகக்கூடத் தெரியலாம். ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. டிடாக்ஸ் போகிறவர் பாதியில் கிளம்பி வந்தால் யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். யூட்டாவில் பாதி மிஷனில் திரும்பி வந்த பையனைப் பார்த்துத் தெருவே கேட்கும்: என்னாச்சு? உடம்பா, மனசா, இல்லை ஏதாவது தப்பு பண்ணிட்டானா? சபை இவர்களை அன்போடு வரவேற்கச் சொல்கிறது. ஆனால் ஊர் வாய் வேறு. போவது விருப்பத்தின் பேரில்தான் என்று விதி சொன்னாலும், அப்பாவும் அண்ணனும் தாத்தாவும் போய்வந்த வீட்டில் 'நான் போகலை' என்று சொல்வது சாதாரண விஷயமில்லை.

2013-ல் சபையே ஒரு சின்னக் கையேடு வெளியிட்டது. மிஷன் வாழ்க்கையின் மன அழுத்தத்தை எப்படிச் சமாளிப்பது என்பதுதான் அதன் விஷயம். பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று டிராஃபிக் சிக்னல் மாதிரி நான்கு நிலைகளைப் போட்டு, நீ இன்று எந்த நிறத்தில் இருக்கிறாய் என்று பார்த்துக்கொள்ளச் சொல்கிறது. அந்த அலமாரியில் உள்ளவற்றிலேயே மிகவும் உபயோகமான புத்தகம் இதுவாகக்கூட இருக்கலாம்.

ஒரே புத்தகம், வேற மொழி

நீல அட்டைப் புத்தகத்துக்கு வருவோம். எருசலேமிலிருந்து கி.மு. 600 வாக்கில் கிளம்பிய ஒரு குடும்பம் கப்பலேறி அமெரிக்கா போய்ச் சேர்கிறது. இரண்டாகப் பிரிந்து தலைமுறை தலைமுறையாகச் சண்டை போடுகிறது. உயிர்த்தெழுந்த கிறிஸ்து அங்கேயும் வந்து காட்சி தருகிறார். இதுதான் மார்மன் புத்தகத்தின் கதைச் சுருக்கம். ஒரு தேவதூதர் காட்டிய இடத்தில் தங்கத் தகடுகளைக் கண்டெடுத்து அதை மொழிபெயர்த்ததாக ஜோசப் ஸ்மித் சொன்னார். 1830-ல் பால்மைரா என்ற சிற்றூரில் 5,000 பிரதி அச்சடிக்க 3,000 டாலர் தேவைப்பட்டது. மார்ட்டின் ஹாரிஸ் என்ற விவசாயி தன் நிலத்தை அடமானம் வைத்தார். ஜோசப்பின் தம்பி சாமுவேல் பிரதிகளைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக நடந்தார். முதல் மிஷனரி அவர்தான்.

இலக்கிய ரீதியில் இந்தப் புத்தகத்துக்கு நல்ல பெயர் இல்லை. மார்க் ட்வைன் 1872-ல் எழுதிய பயண நூலில், இதைப் படித்தால் தூக்கம்தான் வரும் என்ற ரீதியில் கிண்டலடித்துத் தள்ளினார். ஒரே இணைப்புச் சொற்றொடர் ஆயிரம் தடவைக்கு மேல் வருவதும் அவர் கண்ணிலிருந்து தப்பவில்லை. 2011-ல் இதே பெயரில் பிராட்வேயில் வந்த மியூசிக்கல், உகாண்டாவுக்குப் போகும் இரண்டு மிஷனரிகளை வைத்து ஆபாசமாகச் சிரிக்க வைத்து ஒன்பது டோனி விருதுகளை அள்ளியது. சபை வழக்குப் போடவில்லை, போராட்டம் நடத்தவில்லை. நாடகத்தின் நிகழ்ச்சிப் புத்தகத்திலேயே விளம்பரம் கொடுத்து, நாடகம் பார்த்தாச்சா, இனி புத்தகத்தையும் படியுங்கள் என்றது. பதிலடி என்றால் அது.

ஆனால் ட்வைன் எரிச்சல்பட்ட அதே விஷயம், வேற்று மொழி கற்கிறவருக்கு வரம். யூட்டாவின் புரோவோ நகரில் இவர்களுக்கான பயிற்சி மையம் இருக்கிறது. 50-க்கும் மேற்பட்ட மொழிகள் சொல்லித் தருகிறார்கள். ஸ்பானிஷ் மாதிரி மொழிக்கு ஆறு வாரம், கொரியன், ஜப்பானிஷ் என்றால் ஒன்பது வாரம். அவ்வளவுதான் டைம். அதன்பிறகு ஃபிளைட்டில் ஏற்றிவிடுவார்கள். ஒன்பது வாரத்தில் யாருக்கும் கொரியன் வராது. அங்கே போனபிறகுதான் இந்தப் புத்தகம் உதவுகிறது. ஆங்கிலத்தில் கதை ஏற்கெனவே மனப்பாடம். இப்போது அதையே கொரிய மொழியில் திறந்து வைத்தால், தெரிந்த வாக்கியங்கள் தெரியாத உடை போட்டுக்கொண்டு வருகின்றன. திரும்பத் திரும்ப வரும் சொற்றொடர் நூறாவது முறையில் நாக்கில் தானாக உட்கார்ந்துவிடும்.

இதில் ஒரு வேடிக்கையான பக்கவிளைவும் உண்டு. மனந்திரும்புதல், உடன்படிக்கை, பிராயச்சித்தம் போன்ற சொற்கள் முதலில் வந்துவிடும். தக்காளி, பஞ்சர், சில்லறை எல்லாம் அப்புறம்தான். காய்கறிக் கடையில் வேத மொழியில் பேரம் பேசும் வெள்ளைக்காரப் பையனைக் கற்பனை செய்து பாருங்கள். கொரிய மொழியில் எதிரே நிற்பவர் பெரியவரா சின்னவரா என்பதைப் பொறுத்து வினைச்சொல்லின் வாலே மாறும். 'நீ', 'நீங்க' என்று வளர்ந்த நமக்கு அது சட்டென்று புரியும். ஆங்கிலத்தில் அப்பாவையும் நாய்க்குட்டியையும் ஒரே 'யூ'வில் கூப்பிட்டு வளர்ந்தவர்களுக்கு அது புது உலகம்.

2001-ல் வந்த 'தி அதர் சைட் ஆஃப் ஹெவன்' படத்தில் இதற்கு ஒரு காட்சி இருக்கிறது. 1950-களில் டோங்கா தீவுகளுக்குப் போன ஜான் குரோபெர்க்கின் அனுபவக் குறிப்புகளை வைத்து எடுத்த படம். பாஷை புரியாமல் திண்டாடும் இளைஞன் ஆங்கில பைபிளையும் டோங்கா மொழி பைபிளையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்து, வரிவரியாக ஒப்பிட்டே மொழியைப் பிடித்துவிடுவான். சினிமாத்தனம் கொஞ்சம் தூக்கலான படம். ஆனாலும் இப்படி வாசித்தவர்கள் நிஜத்தில் நிறையப் பேர்.

திங்கட்கிழமைக்குக் காத்திருப்பது

பட்டியலில் இல்லாத ஒரு வாசிப்பும் இவர்களுக்கு உண்டு. வீட்டுக் கடிதம். வாரத்தில் ஒருநாள், பெரும்பாலும் திங்கள், துணி துவைக்க, மளிகை வாங்க, வீட்டுக்கு எழுத விடுவார்கள். 2019 வரை கிறிஸ்துமஸுக்கும் அன்னையர் தினத்துக்கும் மட்டும்தான் வீட்டுக்கு ஃபோன் பேசலாம். வருஷத்துக்கு இரண்டே தடவை. மற்றதெல்லாம் எழுத்தில்தான், முதலில் காகிதம், பிறகு ஈமெயில். 2019 பிப்ரவரி 15-ம் தேதி அந்த விதியைத் தளர்த்தி, வாராவாரம் ஃபோனிலோ வீடியோ காலிலோ பேசலாம் என்றார்கள். யூட்டாவில் அம்மாக்கள் அன்று அழுததில் ஆச்சரியம் இல்லை.

அந்தக் கடிதங்களில் பயப்படுகிற கடிதம் ஒன்று உண்டு. 'காத்திருக்கிறேன்' என்று சொன்ன காதலி, ஒரு வருஷம் கழித்து, வேறு ஒருவரோடு கல்யாணம் நிச்சயமாகிவிட்டது என்று எழுதுவது. மார்மன் பையன்கள் மத்தியில் இது ஜோக்காகவே புழங்கும் அளவுக்குச் சகஜம். கடிதம் வந்த அன்று படிக்கிறவருக்கு மட்டும் அது ஜோக் இல்லை. தனியாக ஒரு நடை போய்விட்டு வரலாம் என்றாலும் முடியாது. கூட்டாளி கூடவே வருவான்.

எழுதுவதையும் சபை ஊக்குவிக்கிறது. தினமும் டைரி எழுதச் சொல்கிறது. புரோவோவில் உள்ள பிரிகாம் யங் பல்கலைக்கழக நூலகம் பழைய மிஷனரி டைரிகளைச் சேகரித்து டிஜிட்டல் வடிவில் வைத்திருக்கிறது. நூறு வருஷத்துக்கு முந்தைய ஒரு இருபது வயதுக்காரரின் கையெழுத்தை இன்று ஃபோனிலேயே பெரிதாக்கிப் படிக்கலாம்.

கதவைத் திறப்பவர் கூகுள் பண்ணியிருந்தால்?

இணையம் வந்தபிறகு இவர்களுடைய நிலைமை ஒரு விஷயத்தில் சிக்கலாகிவிட்டது. முன்பு ஒரு மிஷனரி கதவைத் தட்டினால், அந்த வீட்டில் தன் சபையைப் பற்றி அதிகம் தெரிந்தவர் அவராகத்தான் இருப்பார். இன்று கதவைத் திறப்பவர் அவர் போனதும் ஃபோனை எடுத்துத் தேடுவார். மறுவாரம் வரும்போது கேள்விகளோடு உட்கார்ந்திருப்பார். 'உங்கள் ஜோசப் ஸ்மித்துக்கு எத்தனை மனைவிகள்?' 'கறுப்பின ஆண்களுக்கு 1978 வரை குருத்துவம் தராதது ஏன்?' 'தகடுகளைப் பார்த்தா மொழிபெயர்த்தார், இல்லை தொப்பிக்குள் கல்லைப் போட்டுப் பார்த்தா?'

சண்டே ஸ்கூலில் இதையெல்லாம் யாரும் விரிவாகச் சொல்லித்தராமல் வளர்ந்த பிள்ளைகள் பல பேர். வெளிநாட்டில், அரைகுறை மொழியில், முன்பின் தெரியாத ஒருவரின் வாயிலிருந்து தன் சொந்தச் சபையின் வரலாற்றை முதல்முறையாகக் கேட்பது எப்படி இருந்திருக்கும்?

சபையும் சும்மா இருக்கவில்லை. 2013-லிருந்து 2015 வரை, சங்கடமான விஷயங்கள் ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டுரையைத் தன் இணையதளத்திலேயே வெளியிட்டது. ஸ்மித்தின் மனைவிகள் எண்ணிக்கை 30-லிருந்து 40-க்குள் இருக்கலாம் என்று 2014-ல் வந்த கட்டுரையே சொல்கிறது. 2015-ல் அந்தக் கல்லின் புகைப்படத்தையும் வெளியிட்டார்கள். சிலருக்கு இந்தக் கட்டுரைகள் நிம்மதி தந்தன, 'அப்பாடா, இனி வெளிப்படையாகப் பேசலாம்' என்று. வேறு சிலருக்கு இவைதான் வெளியேறும் கதவாக ஆயின. இரண்டு தரப்பும் படித்தது ஒரே கட்டுரையைத்தான். இந்த முழுக் கதையிலும் ஒரு வாசிப்புக்கு மிகப் பெரிய விலை இருக்கும் இடம் இதுதான். ஏனென்றால் அங்கே நம்பிக்கை போனால் கூடவே வீடு, திருமணம், நட்பு வட்டம் எல்லாம் ஆட்டம் காணும்.

திரும்பி வந்தவர்கள்

பெரும்பாலானவர்கள் திரும்பி வந்து படிப்பை முடித்து, கல்யாணம் பண்ணி, அக்கவுன்டன்டாகவோ பல் டாக்டராகவோ ஆகிவிடுகிறார்கள். கோல்ட்மேன் சாக்ஸ் மாதிரி நிறுவனங்கள் சால்ட் லேக் சிட்டியில் பெரிய அலுவலகம் போட்டதற்கு, அங்கே வேற்று மொழி சரளமாகப் பேசும் இளைஞர்கள் கிடைப்பதும் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. இரண்டு வருஷம் தினமும் 'வேண்டாம்' என்று கேட்டுப் பழகியவருக்கு சேல்ஸ் வேலை ஜுஜுபி.

எழுத வந்தவர்கள் கொஞ்சம் பேர்தான், ஆனால் கவனிக்க வேண்டியவர்கள். ஃபேன்டஸி ரசிகர்களுக்கு பிராண்டன் சாண்டர்சனை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. அவர் காலேஜில் முதலில் எடுத்தது பயோகெமிஸ்ட்ரி. மிஷனுக்குத் தென் கொரியா போனார். அங்கே இருந்தபோது கெமிஸ்ட்ரியை ஒருநாளும் மிஸ் பண்ணவில்லை என்றும், எழுதுவதைத்தான் மிஸ் பண்ணினேன் என்றும் அவரே சொல்லியிருக்கிறார். திரும்பி வந்து ஆங்கில இலக்கியத்துக்கு மாறினார். ஹோட்டலில் நைட் ஷிப்ட் பார்த்துக்கொண்டே நாவல் நாவலாக எழுதினார். முதல் நாவலான 'எலான்ட்ரிஸ்' அச்சானது 2005-ல். 2022-ல் ரகசியமாக எழுதி வைத்திருந்த நான்கு நாவல்களுக்கு அவர் கிக்ஸ்டார்ட்டரில் திரட்டியது 4.1 கோடி டாலருக்கும் மேல்.

ஆர்சன் ஸ்காட் கார்ட் 1970-களின் தொடக்கத்தில் பிரேசிலில் மிஷனரியாக இருந்தவர். பின்னாளில் அவர் எழுதிய அறிவியல் புனைவான 'ஸ்பீக்கர் ஃபார் தி டெட்' நாவலில் ஒரு தூரத்துக் கிரகம் வருகிறது. அங்கே வாழ்கிறவர்கள் யார் தெரியுமா? போர்ச்சுகீஸ் பேசும் கத்தோலிக்கர்கள். பெயர்கள், செல்லப் பெயர்கள், திட்டுகள் என்று போர்ச்சுகீஸ் பக்கத்துக்குப் பக்கம் தெறிக்கும். மதம் மாற்றப் போன ஊரின் மதத்தையும் மொழியையும் நட்சத்திரங்களுக்கு நடுவே கொண்டுபோய் வைத்தார் அவர். ஹ்யூகோ, நெபுலா இரண்டு விருதும் அந்த நாவலுக்குக் கிடைத்தன.

இந்த வரிசையில் அதிகம் பேசப்படாதவர், ஆனால் முதலில் படிக்க வேண்டியவர், கிரெய்க் ஹார்லைன். 1970-களின் நடுவில் பத்தொன்பது வயதில் பெல்ஜியத்துக்குப் போனார். ஊரையே மாற்றிவிடலாம் என்ற கனவோடு இறங்கியவருக்கு டச்சு மொழியும் தகராறு, கதவுகளும் திறக்கவில்லை. அந்தத் தோல்வியையும் கூச்சத்தையும் 2014-ல் வெளிவந்த 'வே பிலோ தி ஏஞ்சல்ஸ்' என்ற நினைவுக் குறிப்பில் சிரிக்கச் சிரிக்கச் சொல்லியிருக்கிறார். மிஷனரி வாழ்க்கையைப் புகழாமலும் பழிக்காமலும் உள்ளேயிருந்து காட்டும் புத்தகம்.

ஆனால் அதற்குப் பல வருஷம் முன்பே ஹார்லைன் மறுபடி பெல்ஜியத்துக்குப் போய்விட்டார், இந்த முறை வரலாற்று ஆய்வாளராக. கஷ்டப்பட்டுக் கற்ற அதே மொழியில் பழைய ஆவணங்களை வாசித்தார். எட்டி புட் என்ற பெல்ஜிய ஆய்வாளரோடு சேர்ந்து 2000-ல் ஒரு புத்தகம் வெளியிட்டார். பெயர் 'எ பிஷப்ஸ் டேல்'. மத்தியாஸ் ஹோவியஸ் என்ற பதினேழாம் நூற்றாண்டுக் கத்தோலிக்கப் பேராயர், தன் மக்களை நல்ல கத்தோலிக்கர்களாக வைத்திருக்க என்ன பாடுபட்டார் என்பதுதான் அதன் கதை.